7,800 ரூபாய்க்கு வாங்கிய வெறுங்கால்

ஐப்பசியில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கருப்பாக ஒரு பெரிய பூட்ஸ், வலது காலில் சாதாரணச் செருப்பு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி பந்தியில் இடம் தேடிக்கொண்டிருந்தேன். ஒரம்பரை அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான். "என்னுங், வண்டில உழுந்துட்டீங்ளா?" இல்லைங், ஓடினேன் என்றேன். "ஓடுனீங்ளா? யாரு தொரத்துனா?" என்று ஒரு மாமா கேட்க, அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். விழவில்லை, இடிக்கவில்லை, கல் தடுக்கவில்லை; வெறுங்காலில் ஓடுவது போல இருக்கும் என்று விற்கிற ஒரு ஷூ போட்டு ஒன்றரை மாதம் ஓடியதில் பாதத்து எலும்பு விரிசல் விட்டது என்று அந்த இலையின் முன்னால் உட்கார்ந்து யாருக்கு விளக்குவது? அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஷூவை வாங்குவதற்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு. வீடு அவிநாசி. மூன்று வருடங்களுக்கு முன்னால் தொப்பையைப் பார்த்துப் பயந்து ஓட ஆரம்பித்தவன், மெதுவாக 10 கிலோமீட்டர், அப்புறம் அரை மாரத்தான் என்று போய்விட்டேன். போன ஆடியில் வலது முழங்காலில் ஒரு வலி வந்து ஒட்டிக்கொண்டது. ஓடுகிறவனுக்கு முழங்கால் வலித்தால் முதலில் ஓய்வெடுக்க வேண்டும். நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டே நாளில் தெரிந்துகொண்டது: தப்பு என் காலில் இல்லை, ஷூவில்தான். குதிகாலுக்குக் கீழே மெத்தை வைத்த ஷூ நம்மைக் குதிகாலில் மோதி இறங்கப் பழக்குகிறது, அந்த மோதல்தான் முழங்காலுக்குப் போகிறது, மனிதன் வெறுங்காலில் ஓடப் பிறந்தவன். இந்த வாதத்தை வெள்ளைக்காரர் ஒருவர் மலைப்பாதையில் ஓடிக்கொண்டே சொல்லும்போது மறுத்துப் பேசத் தோன்றாது. 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். உண்மைதான், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. 1964இல் டோக்கியோவில் அதே மனிதர் ஷூவும் சாக்ஸும் போட்டு, அதைவிட மூன்று நிமிடம் வேகமாக ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பூட்ஸ் போட்டுக் கட்டிலில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

பிகிலாவைக்கூட விட்டுவிடுங்கள். என்னை உண்மையில் கவிழ்த்தவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. காங்கேயத்துப் பக்கம் தோட்டத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறார், எண்பது தாண்டியாயிற்று. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தாராபுரம் வழியாகப் பழநிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போவார். சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் அவருடைய வெறுங்கால்தான். வெடிப்பு விழுந்து, தோல் தடித்து, விரல்கள் விசிறி மாதிரி விரிந்த கால். சீமைக்கருவேல முள் குத்தினால் நின்று, பிடுங்கிப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்த ரத்தம்தானே நம் உடம்பிலும் ஓடுகிறது என்று நினைத்தேன். பாதம் ரத்தத்தில் வராது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு 22,540 ரூபாய் ஆயிற்று. அவர் நடக்கத் தெரிந்த நாள் முதல் செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர். நான் எல்கேஜியிலேயே கருப்பு ஷூவுக்குள் காலை விட்டு, இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவன்.

ஷூ ஆன்லைனில் 7,800 ரூபாய். விரல் விரலாகப் பிரிந்த மாடல் இல்லை, அதைப் போட்டுக்கொண்டு அவிநாசித் தேர்வீதியில் ஓடும் துணிச்சல் எனக்கில்லை. சாதாரண ஷூ போலவே இருக்கும், ஆனால் அடிப்பகுதி 4 மில்லிமீட்டர் ரப்பர்தான். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம். முன்பக்கம் வாத்து மூக்கு போல அகலம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். மனைவி சுருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வெறுங்கால்ல ஓடறதுக்கு எதுக்குங்க 7,800?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதிலில்லை. வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு அளவு பற்றி ஒன்று. இந்த வகை ஷூவில் விரல்கள் விரிய இடம் வேண்டும், அதுதான் இதன் முக்கால்வாசிப் பயன். உள்ளே கழற்றுகிற மெத்தைத் தகடு இருந்தால் உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். ஓரத்தில் விரல் வழிந்தால் அந்த அளவு ஆகாது.

முதல் நாள் ஓட்டத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஏமாற்றே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவ்வளவு சுகம்! சர்வீஸ் ரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கினேன். தாரின் சொரசொரப்பு, வெள்ளைக் கோட்டின் வழவழப்பு, ராத்திரி பெய்த தூறலின் ஈரம் எல்லாம் உள்ளங்காலில் தெரிந்தது. அடிகள் தானாகவே குட்டையாகவும் வேகமாகவும் விழுந்தன. முழங்கால் வலி? காணோம். 3 கிலோமீட்டர் ஓடிவிட்டு, இன்னும் 10 ஓடலாம் போல வந்தேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு கெண்டைக்காலும் கல். கம்பெனியில் மூன்றாவது மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு போல இறங்கினேன்.

இதற்குக் காரணம் எளிது. வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். வருடக்கணக்கில் அப்படியே நின்று நடந்து ஓடிய காலுக்குக் கெண்டைச் சதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் அந்த நீளத்துக்கே பழகியிருக்கும். திடீரென்று மட்டமான ஷூவைப் போட்டால் ஒவ்வொரு அடியிலும் அது கூடுதலாக இழுபடும். போதாக்குறைக்கு, முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னதை நான் குதிகால் தரையிலேயே படக்கூடாது என்று எடுத்துக்கொண்டேன். எக்கி எக்கி ஓடினேன். தப்பு. முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் பட்டாலும், அடுத்த நொடியே குதிகாலும் மெதுவாகத் தரையில் உட்கார வேண்டும். முழுப் பாரத்தையும் விரலடியிலேயே தாங்கினால் அந்தச் சின்ன எலும்புகள் என்ன செய்யும்? அந்த முழங்கால் வலி ஏன் போனது என்பதும் இதே கணக்குதான். பாரம் எங்கேயும் மறைவதில்லை. முழங்காலிலிருந்து இறங்கிப் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுகிற மாதிரி.

சரி, கெண்டைக்கால் வலி பத்து நாளில் போய்விட்டது. அது போனதுதான் ஆபத்து. சதை பழகிவிட்டது, கால் தேறிவிட்டது என்று நினைத்தேன். சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: புதிய பாரம் விழுந்தால் எலும்பு நேராக வலுத்துவிடாது. பழையதைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். வீட்டுக்குச் சுவர் மாற்றுகிறோம் என்றால் நடுவில் சில நாள் சுவரே இல்லாமல் இருக்கும் அல்லவா, அந்த மாதிரி ஒரு காலம். அந்தக் காலத்தில்தான் நம்மைப் போன்ற புத்திசாலிகள் "ஒன்றும் வலிக்கவில்லையே" என்று தூரத்தைக் கூட்டுவோம். நான் இரண்டாவது வாரம் 5, மூன்றாவது வாரம் 8, ஐந்தாவது வாரம் 12 கிலோமீட்டர் என்று போனேன். டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் அரை மாரத்தானுக்கு 1,300 ரூபாய் கட்டியிருந்தேன், அந்த அவசரம் வேறு.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புச்சி தோட்டத்துக்குப் போனபோது, மண் தரைதானே இந்த ஷூவுக்கு ஏற்றது என்று இட்டேரியில் ஓடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித் தடம், பார்க்க அழகு. 400 மீட்டர் போவதற்குள் நெருஞ்சி முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே திரும்பினேன். அப்புச்சி ஷூவை வாங்கி, அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது செருப்புமில்ல, வெறுங்காலுமில்ல. ரெண்டுங்கெட்டானா இருக்குது கண்ணு" என்றார். நான் அவருடைய வெறுங்கால் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். அவர் திண்ணையோரம் கையைக் காட்டினார். அங்கே ஒரு ஜோடி எம்சிஆர் செருப்பு, மெத்தென்ற ரப்பர் வைத்தது. சர்க்கரை வந்ததிலிருந்து நான்கு வருடமாக டாக்டர் சொல்லி அதைத்தான் போடுகிறாராம். பழநிக்கும் அதோடுதான். நான் யாரைப் பார்த்து வெறுங்கால் சித்தாந்தத்துக்கு வந்தேனோ அவரே மெத்தைச் செருப்புக்குப் போய் நான்கு வருடமாகிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர்கள், உள்ளங்கால் மரத்துப்போகிறவர்கள் இந்தச் சோதனைப் பக்கமே வர வேண்டாம். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

ஆறாவது வாரம் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். நண்பரோடு ஆறு சுற்று என்று திட்டம். நான்காவது சுற்றில் இடது புறங்காலில், இரண்டாம் விரலுக்கு நேர் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு நோவு. ஷூ லேஸ் இறுக்கமாக இருக்கும் என்று தளர்த்திக்கொண்டு மீதி இரண்டையும் ஓடி முடித்தேன். இதில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சதை வலி பரவலாக இருக்கும், "இந்தப் பக்கம் முழுக்க வலிக்குது" என்று உள்ளங்கையால் தடவிக் காட்டுவோம். எலும்பு வலி ஒரே புள்ளி. ஒற்றை விரலை வைத்து "இங்கே" என்று காட்ட முடிந்தால், அழுத்தினால் உயிர் போனால், ஓட ஓடக் குறையாமல் கூடினால், அந்த நிமிடமே நின்றுவிடுங்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள். நான் அன்று நான்காவது சுற்றோடு நின்றிருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

நான் செய்ததைக் கேளுங்கள். ஒரு வாரம் தைலம். அப்புறம் நரம்பு பிசகியிருக்கும் என்று யாரோ சொல்ல, சுளுக்கு எடுப்பவரிடம் போய் 300 ரூபாய் கொடுத்து, விரிசல் விட்ட எலும்பின் மேலேயே எண்ணெய் விட்டு நீவச் சொன்னேன். அவர் மேல் குற்றமில்லை, சுளுக்கு என்று சொன்னவன் நான். அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் எலும்பு டாக்டர். பீஸும் எக்ஸ்ரேயும் சேர்த்து 900, மாத்திரை 640. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "வாக்கிங் போவீங்களா?" என்று கேட்டார், "போவேன் டாக்டர்" என்றேன். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடுகிறேன், ஒன்றரை மாதம் முன்னால் ஷூவை மாற்றினேன் என்பதைச் சொல்லவில்லை. திட்டுவார் என்று வெட்கம். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். இந்த வகை மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆற ஆரம்பித்து, சுற்றிலும் புது எலும்பு முண்டு கட்டிய பிறகுதான் தெரியும். இது தெரியாமல், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று ஐந்து நாள் கழித்து 5 கிலோமீட்டர் ஓடினேன். நான்காவது கிலோமீட்டரில் டக்கென்று ஒன்று. சத்தம் வெளியே கேட்டதா, எனக்குள்ளே மட்டும் கேட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பேக்கரி வாசலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தேன். அவள் ஸ்கூட்டரில் வந்தாள், திட்டவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பீஸ் 700. எம்ஆர்ஐ 6,500. இடது பாதம், இரண்டாவது மெட்டாடார்சல் (இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பு), ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் வருகிற விரிசல். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்து நாள் முழுக்க அணிவகுப்பு நடக்கிற பையன்களுக்கு இது வரும், மார்ச் ஃபிராக்ச்சர் என்றே அதற்குப் பெயர் என்றார். விட்டமின் டி பார்க்கச் சொன்னார், அது 1,200. ரொம்பக் குறைவு. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வருகிறவனுக்கு வெயில் எங்கே? பூட்ஸ் 3,200. ஆறு வாரம். கூட்டிப் பார்த்தால் ஷூவும் மாரத்தான் கட்டணமும் சேர்த்து மேலே சொன்ன 22,540. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். என் பாலிசியில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், வெளிநோயாளியாகப் போய் எடுத்த எம்ஆர்ஐக்குப் பைசா கிடையாது. உங்களுடையதை இப்போதே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் போக்குவரத்து இல்லை. முறிந்தது இடது கால், என் பைக்கில் கியர் இடது காலில். ஆறு வாரம் அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் பஸ், இறங்கி ஆட்டோ. பஸ்ஸில் பூட்ஸைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்த அம்மாக்கள். கூச்சத்தோடு உட்கார்ந்துகொள்வேன்.

கட்டிலில் கிடந்த நாட்களில், முன்பே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், அதனால் குதிகால் மோதும் அந்த முதல் அதிர்ச்சி அவர்களுக்குக் குறைவு என்பதே அது. இந்த ஷூ போட்டால் காயம் வராது என்று அதில் சொல்லவில்லை. 2013இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 36 ஓட்டக்காரர்களை எடுத்து, ஒரு பகுதியினரைப் பத்து வாரத்தில் படிப்படியாக விரல் ஷூவுக்கு மாற்றி, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர் கோத்திருந்தது. அது விரிசலுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். கவனியுங்கள், அவர்கள் படிப்படியாக மாறியவர்கள். நான் 3, 5, 8, 12 என்று தாவினவன். விரல் ஷூவுக்குப் பேர்போன விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து முடித்துக்கொண்டது, தப்பை ஒப்புக்கொள்ளாமலே. என்னுடையது வேறு கம்பெனி, வழக்குப் போடும் எண்ணமும் இல்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, மெதுவாகப் பழகவும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தார்கள். பிரித்துப் படித்தது பூட்ஸ் போட்ட பிறகு.

அதற்காக அந்த ஷூவைக் குப்பையில் போடவில்லை. பூட்ஸ் கழன்றது கார்த்திகைக் கடைசியில். முதலில் வீட்டுக்குள் வெறுங்காலில் நடை, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒற்றைக் காலில் இருபது முறை தூக்கி இறக்க முடியாதவன் மெல்லிய ஷூவில் ஓடக்கூடாது என்று பிசியோ சொன்னார். விரிசலுக்கு முன்னால் என்னால் எத்தனை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன், பத்து வந்திருந்தால் அதிகம். இனி யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் ஒரு மாதம் இந்த ஷூவில் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் நடங்கள், ஓட வேண்டாம். அப்புறம் வழக்கமான ஷூவில் ஓட்டத்தை முடித்துவிட்டு, கடைசி 400 மீட்டருக்கு மட்டும் இதை மாட்டுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள். சிமெண்ட் தரை வேண்டாம், பள்ளி மைதானத்து மண் போதும். வாரத்துக்கு 200 மீட்டர் கூட்டினால் அவமானமாக இருக்கும். இருக்கட்டும். பழைய ஷூவைத் தானம் செய்துவிடாதீர்கள், நான் செய்துவிட்டு மறுபடி வாங்கினேன். பந்தயத் தேதி இருக்கிற வருடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

டிசம்பரில் நண்பர் அரை மாரத்தான் ஓடினார், நான் போய் ஓரமாக நின்று கை தட்டினேன். தைப்பூசத்துக்கு அப்புச்சி கிளம்பும்போது முதல் 4 கிலோமீட்டருக்குக் கூட நடந்தேன், புதிதாக வாங்கிய பழைய மாதிரி மெத்தை ஷூவில். இருட்டு இன்னும் விலகவில்லை. எம்சிஆர் செருப்பின் பட்டையை இறுக்கிக்கொண்டே என் காலைப் பார்த்தார்.

"அந்த ரெண்டுங்கெட்டான் எங்க கண்ணு?"

"வூட்ல இருக்குதுங் அப்புச்சி."

"தூக்கிப் போட்றாத. களத்துல தேங்கா பருப்புக் கெளர்றதுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.